மூணு எழுத்து தட்டினா முப்பது ரிசல்ட்... சொந்த லேப்டாப்புல சொந்த ஃபைலைத் தேடுறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஜனவரி வந்தால் போதும், "வரிக் கழிவுக்கான ஆதாரங்களை இந்த வாரத்துக்குள் அப்லோடு செய்யவும்" என்று ஹெச்.ஆரிடமிருந்து மெயில் வந்துவிடும். வாடகை ரசீது லேப்டாப்பில்தான் இருக்கிறது. போன வாரம் ஹவுஸ் ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், டவுன்லோடும் செய்தாயிற்று. விண்டோஸ் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் 'ரென்ட்' என்று அடிக்கிறீர்கள். என்ன வருகிறது? வாடகைக்கு வீடு தேடித் தரும் இணையதளம், வாடகை கார் விளம்பரம், மூணு வருஷத்துக்கு முன்னாடி வேறு ஊரில் இருந்தபோது போட்ட ஒப்பந்தம். கேட்ட ரசீதை மட்டும் காணோம்.

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பக்கத்தை கூகுள் அரை நொடியில் எடுத்து நீட்டுகிறது. கண் முன்னால் இருக்கும் லேப்டாப்புக்கு, தன் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு ஃபைலை எடுத்துக் கொடுக்க ஏன் இத்தனை தடுமாற்றம்?

வேகம் இங்கே பிரச்னை இல்லை. ஆப்பிள் 2005-ல் ஸ்பாட்லைட்டைக் கொண்டு வந்தபோதே, டைப் செய்யச் செய்ய ரிசல்ட் காட்டும் அளவுக்கு வேகம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் வெளியான கூகுள் டெஸ்க்டாப்பும் அப்படித்தான் (அதை கூகுள் 2011-ல் மூடிவிட்டது). சிக்கல் இருப்பது வரிசையில். 'ரென்ட்' என்ற சொல் 300 ஃபைலில் இருந்தால், எதை முதலில் காட்டுவது? எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியில்தான்.

நாம எவ்வளவு சின்னதா தேடுறோம்?

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் சூசன் டுமே தலைமையிலான குழு ஒன்று, 'ஸ்டஃப் ஐவ் சீன்' என்ற பெயரில் ஒரு தேடல் கருவியை உருவாக்கியது. 'நான் ஏற்கெனவே பார்த்த சமாச்சாரங்கள்' என்று சொல்லலாம். மெயில், டாக்குமென்ட், பார்த்த வெப் பக்கம், காலண்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடலாம். நிறுவனத்தின் ஊழியர்கள் 234 பேரிடம் அதைக் கொடுத்து, அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்து 2003-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். டெஸ்க்டாப் தேடல் பற்றிப் பேசுகிற யாரும் இன்றைக்கும் இந்த ஆய்வைத் தாண்டிப் போக முடியாது.

அதில் தெரிந்த முதல் விஷயம், ஒரு தேடலின் சராசரி நீளம் வெறும் 1.59 சொல். அதே காலகட்டத்தில் இணையத் தேடல் எந்திரங்களில் மக்கள் சராசரியாக 2-க்கும் கொஞ்சம் அதிகமான சொற்களை டைப் செய்துகொண்டிருந்தார்கள். எக்ஸைட் பதிவுகளை ஆராய்ந்தபோது 2.21 என்றும், ஆல்டாவிஸ்டா பதிவுகளில் 2.35 என்றும் கணக்கு வந்தது. ஊர் உலகத்தில் தேடும்போது ரெண்டு சொல் சொல்கிறவர், வீட்டுக்குள் தேடும்போது ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். நம்ம வீட்டுச் சாமான்தானே, 'அது எங்கே' என்று கேட்டாலே புரிய வேண்டாமா என்ற நினைப்பு.

இரண்டாவது விஷயம்தான் சுவாரஸ்யம். கணக்குப் போட்டுப் பொருத்தம் பார்த்து அடுக்கிய வரிசையை விட, தேதி வாரியாக அடுக்கிய வரிசையைத்தான் மக்கள் அதிகம் நாடினார்கள். பொருத்த வரிசையை முன்னிருப்பாக வைத்துக் கொடுத்தவர்களும்கூட தேதிக்கு மாறிக்கொண்டார்கள். தேடல்களில் ஏறத்தாழ கால்வாசியில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது. 'யார் அனுப்பினது, எப்ப வந்தது' என்பதுதான் நம் ஞாபகத்தின் கொக்கி. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது அப்புறம்தான்.

ஃபார்முலா தோற்கும் இடம்

தேடல் தொழில்நுட்பத்தின் அடித்தளம் 50 வருடப் பழசு. பிரிட்டனைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் ஒரு யோசனையை முன்வைத்தார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்பு குறைவு, அபூர்வமாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'பிஎம்25' என்று இன்று பரவலாக இருக்கும் வரிசைப்படுத்தும் சூத்திரத்துக்குள்ளும் இதுதான் ஓடுகிறது.

'அடையாறு வாடகை ரசீது டிசம்பர்' என்று நாலு சொல் போட்டால் இது அற்புதமாக வேலை செய்யும். 'டிசம்பர்' நிறைய ஃபைலில் இருக்கும், 'அடையாறு' கொஞ்சம் ஃபைலில்தான் இருக்கும். எனவே அடையாறுக்கு மவுசு ஜாஸ்தி. ஆனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் போட்டால்? அந்தச் சொல்லின் அபூர்வ மதிப்பு எல்லா ஃபைலுக்கும் ஒன்றுதான். ஒப்பிட இன்னொரு சொல் இல்லை. ஐம்பது ஆண்டாகப் பட்டை தீட்டிய அந்த யோசனை, சத்தமில்லாமல் செயலிழந்துவிடுகிறது.

மிஞ்சுவது இரண்டே விஷயம். அந்தச் சொல் ஒரு ஃபைலில் எத்தனை தடவை வருகிறது, ஃபைல் எவ்வளவு சின்னது. இதை வைத்து வரிசை போட்டால், 'ரென்ட்' என்று பக்கத்துக்குப் பத்து முறை சொல்லும் பழைய ஒப்பந்தம் மேலே ஏறும். ஒரே ஒரு முறை தலைப்பில் மட்டும் சொல்லும் ரசீது கீழே போகும். ரசீது ஸ்கேன் செய்த படமாக இருந்தால் இன்னும் மோசம். அந்த பிடிஎஃப்புக்குள் கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய எழுத்தே இருக்காது. ஃபைலின் பெயர்தான் ஒரே துருப்பு. அந்தப் பெயரோ பெரும்பாலும் 'ஐஎம்ஜி' என்று ஆரம்பித்து எண்களாக நீளும்.

இது முழுச் சொல்லை அடித்தவரின் கதை. நிஜத்தில் நாம் இரண்டாவது மூன்றாவது எழுத்திலேயே கண்ணை ஓட்ட ஆரம்பித்துவிடுகிறோம். 'ஆர்', 'இ' என்ற இரண்டு எழுத்தில் தொடங்குவது ரென்ட்டா, ரெஸ்யூமேயா, ரிப்போர்ட்டா, ரெசிப்டா? எழுத்தை மட்டும் வைத்து எந்தக் கணக்கும் இதைச் சொல்ல முடியாது.

இணையத்தில் இருப்பது இங்கே இல்லை

அப்போ கூகுள் மட்டும் எப்படி ஒரு சொல்லை வைத்துச் சமாளிக்கிறது? ஊர் கூடித் தேர் இழுப்பதால். எந்தப் பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் பேஜ்ரேங்க் முறையை லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் விவரித்தார்கள். பிறகு கோடிக்கணக்கானவர்கள் எதை க்ளிக் செய்கிறார்கள் என்ற தகவலும் சேர்ந்துகொண்டது. நீங்கள் சொல்லாமல் விட்டதை மற்றவர்களின் நடத்தையிலிருந்து ஊகிக்கிறார்கள்.

உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலுக்கு லிங்க் கொடுப்பதில்லை. உங்கள் வாடகை ரசீதை உங்களைத் தவிர யாரும் க்ளிக் செய்யப் போவதும் இல்லை, செய்யவும் கூடாது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. தங்கள் வரிசை சரியா தவறா என்று சோதிக்க அவர்களுக்கு மற்றவர்களின் ஃபைல்கள் வேண்டும், அதை யார் கொடுப்பார்?

ஆனால் லேப்டாப்பிடம் கூகுளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு ஆளின் பழக்கம், வருடக்கணக்கில்.

இதை நன்றாகப் பயன்படுத்திக் காட்டியது ஒரு பிரவுசர். 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-ன் முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்து தட்டினாலே, நினைத்த பக்கம் வந்து நின்றது. பின்னணியில் இருந்த கணக்குக்கு 'ஃப்ரீசென்சி' என்று பெயர். 'ஃப்ரீக்வென்சி', 'ரீசென்சி' இரண்டையும் ஒட்டிய சொல். எத்தனை முறை, எவ்வளவு சமீபத்தில். கடைசி 4 நாளுக்குள் போன பக்கத்துக்கு 100 மதிப்பு, 14 நாளுக்குள் என்றால் 70, 31 நாளுக்குள் 50, 90 நாளுக்குள் 30, அதற்கும் பழசு என்றால் 10. இதோடு இன்னொரு நுணுக்கம்: லிங்க்கை அழுத்திப் போன பக்கத்தை விட, கையால் முகவரி டைப் செய்து போன பக்கத்துக்குப் பல மடங்கு கூடுதல் மதிப்பு. கைவலிக்க டைப் செய்தார் என்றால் அது முக்கியமானதாகத்தானே இருக்கும்!

அதைவிட எளிமையானது, நீங்கள் அடித்த எழுத்தையும் தேர்ந்தெடுத்த பதிலையும் ஜோடியாக ஞாபகம் வைப்பது. 'ஆர்', 'இ' அடித்து ஒருவர் மூன்று முறை ரெஸ்யூமேயைத் திறந்தால், நாலாவது முறை அது தானாக மேலே வர வேண்டும். மேக்கில் குவிக்சில்வர் என்ற சின்னச் செயலி 2000-களிலேயே இதைச் செய்தது. ஃபயர்ஃபாக்ஸும் இதற்கென்று தனியாக ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. இதற்கு செயற்கை நுண்ணறிவெல்லாம் வேண்டாம். ஒரு நல்ல மளிகைக் கடைக்காரர், பழைய வாடிக்கையாளர் 'எண்ணெய்' என்று சொன்னதுமே எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்று எடுத்து வைக்கிறாரே, அவ்வளவுதான்.

சின்னத் தேடலுக்கு இன்றைக்கு இருக்கும் உருப்படியான மருந்து இதுதான்: எழுத்தை ஆராய்வதை விட ஆளைக் கவனிப்பது. ஃபைலின் பெயரில் சொல் இருந்தால் உள்ளே இருப்பதை விட அதிக மதிப்பு. பெயரின் தொடக்கத்திலேயே இருந்தால் இன்னும் அதிகம். நேற்று திறந்தது போன வருஷம் திறந்ததை முந்தும். நீங்களே எழுதிய டாக்குமென்ட், மென்பொருள் தானாகக் கொட்டி வைத்த ஃபைலை முந்தும்.

எண்டர் தட்டும் நொடியில் இடம் மாறும் லிஸ்ட்

இப்படி ஒரு அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. தேடியது முதலிடத்தில் தெரிகிறது. எண்டரை அழுத்தப் போகும் அந்தக் கால் நொடியில் லிஸ்ட் குலுங்குகிறது. திறப்பது பிரவுசர். அதுவும் பிங் பக்கம்.

ஏன் இப்படி? தேடல் பெட்டி ஒரே இடத்தில் தேடுவதில்லை. செயலிகளின் பெயர்ப் பட்டியல் கண் சிமிட்டும் முன் பதில் சொல்லிவிடும். ஃபைல் இண்டெக்ஸுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். இணையப் பரிந்துரை சர்வருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும், அது கடைசியாக வரும். பின்னால் வந்தது முன்னால் நுழைந்தால், ஏற்கெனவே நின்றவர்கள் தள்ளப்படுகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் இது நடந்தால் சண்டையே வரும்.

இதைத் தவிர்க்க வழி தெரியாமல் இல்லை. தாமதமாக வருவதைக் கீழேதான் சேர்க்க வேண்டும், முதல் வரியைத் தொடக் கூடாது. கூடுதல் எழுத்து அடித்தால் லிஸ்ட் சுருங்கலாம், ஆனால் இருந்தவர்களின் வரிசை மாறக் கூடாது. பழக்கத்தைக் கற்றுக்கொள்வதிலும் நிதானம் தேவை. ஒரே ஒரு முறை தவறாகத் திறந்ததற்காக, வருஷமாக முதலிடத்தில் இருந்ததைக் கீழே இறக்கினால், விரலுக்குப் பழகிய பாதை கெட்டுவிடும். 'சரியான பதில் எத்தனையாவது இடத்தில் வந்தது' என்று பார்த்து மதிப்பெண் போடும் வழக்கமான முறையில் (முதலிடம் என்றால் 1, இரண்டாமிடம் என்றால் அரை, மூன்றாமிடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு) இந்தக் குலுக்கல் பதிவே ஆகாது. மதிப்பெண் நன்றாக இருக்கும். எரிச்சல் உங்களுக்கு மட்டும்தான்.

நீங்க அடிச்சது எங்கே போகுது?

சின்னத் தேடலில் தகவல் குறைவு என்பதால், அந்தக் காலியிடத்தை நிரப்ப நிறுவனங்களுக்குச் சுலபமான ஒரு வழி உண்டு: இணையத்தைக் கொண்டுவந்து கொட்டுவது. 'ரென்ட்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு லேப்டாப்பில் பதில் குறைவாக இருக்கலாம், இணையத்தில் எப்போதும் பதில் உண்டு. விளம்பரமும் உண்டு.

2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10, சொந்த ஃபைல் தேடும் இடத்தில் அமேசான் பொருட்களைக் காட்டியது. தேடிய சொல் வெளியே போகிறதே என்று டிஜிட்டல் உரிமை அமைப்பான இஎஃப்எஃப் எதிர்ப்புத் தெரிவித்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை 'உளவு மென்பொருள்' என்றே சொன்னார். 2016-ல் வந்த 16.04 பதிப்பில்தான் இணையத் தேடல் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. 2014-ல் ஆப்பிளின் யோசமிட்டியிலும் ஸ்பாட்லைட் பரிந்துரைகளுக்காகத் தேடல் சொற்கள் வெளியே அனுப்பப்படுவது சர்ச்சையானது.

விண்டோஸ் 10-ல் 2020 பிப்ரவரி 5 அன்று நடந்தது இன்னும் விநோதம். உலகம் முழுக்கப் பலருக்குத் தேடல் பெட்டி வெறும் காலிப் பெட்டியாகத் திறந்தது. சொந்த ஃபைலைக்கூடக் காட்டவில்லை. கோளாறு இருந்தது அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை, இணையத்தின் பக்கம். பிங் இணைப்பைத் துண்டித்தவர்களில் பலருக்கு உள்ளூர்த் தேடல் மறுபடி வேலை செய்தது! பீரோ சாவி நம் கையில், ஆனால் பீரோ திறக்க வேறொரு ஊரின் அனுமதி வேண்டும் என்பது மாதிரி.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்படி 2024 மார்ச்சுக்குள் மாற்றங்களைச் செய்ய வேண்டியிருந்ததால், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்கள் விண்டோஸ் தேடலிலிருந்து பிங்கை நீக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்தச் சலுகை இந்தியாவுக்குக் கொடுக்கப்படவில்லை. இங்கே இருப்பவர்கள் ரெஜிஸ்ட்ரியில் 'டிசேபிள் சர்ச்பாக்ஸ் சஜெஷன்ஸ்' என்ற மதிப்பைச் சேர்க்கும் சுற்று வழியைத்தான் நாட வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐ.டி. டீமைக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

தமிழில் தேடினால்?

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தேடல் இண்டெக்ஸ்கள் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தை வைத்துப் பொருத்தும். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லின் கடைசியில்தான் ஒட்டும். எனவே 'வாடகை' என்று அடித்தால் 'வாடகைக்கு', 'வாடகையை' எல்லாம் மாட்டும். ஆனால் 'ஒப்பந்தம்' என்று முழுசாக அடித்தால் 'ஒப்பந்தத்தின் நகல்' மாட்டாது. 'ஒப்பந்த' என்று நிறுத்தினால் இரண்டும் வரும். தமிழில் சின்னதாகத் தேடுவதே புத்திசாலித்தனம் என்று ஆகிறது. 'வீட' என்று நிறுத்தினால்கூட 'வீடு', 'வீட்டு' இரண்டும் கிடைக்க வாய்ப்புண்டு. ஏனென்றால் யூனிகோடில் 'டு' என்பது 'ட'வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு, 'ட்' என்பது 'ட'வும் புள்ளியும்.

கெட்ட செய்தி, பழைய ஃபைல்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்தவை கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் எவ்வளவு தேடினாலும் சிக்காது. மாற்றிக்கொண்டால்தான் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயர் வைப்பவர்களுக்கு வேறு சோதனை: 'வாடகை'க்கு அன்று ஒரு 'ஏ' போட்டோமா, ரெண்டு 'ஏ' போட்டோமா?

ஏ.ஐ. வந்தா சரியாகிடுமா?

பாதி. 2025 ஏப்ரலில் கோபைலட் பிளஸ் கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த புதிய தேடல், சொல்லின் அர்த்தத்தை வைத்துப் பொருத்துகிறது. அதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் சிப்பிலேயே. 'மலையில் எடுத்த சூரிய உதயப் படம்' என்று வாக்கியமாகக் கேட்டால் இது ஜெயிக்கும். 'ரென்ட்' என்று மட்டும் கேட்டால்? அர்த்தத்தில் நெருங்கிய ஒப்பந்தம், அட்வான்ஸ், புரோக்கர், வீட்டுக்கடன் எல்லாம் சேர்ந்து வந்து கூட்டம்தான் கூடும். அதிகமாகப் பேசுகிறவருக்கு உதவும் தொழில்நுட்பம் இது. குறைவாகப் பேசுகிறவருக்கு, 'போன வாரம் வந்த ஃபைல்' என்ற ஒரு தகவல் செய்யும் வேலையை இது செய்யாது.

அதுவரைக்கும் விண்டோஸில் செய்யக்கூடியவை சில உண்டு. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் தேடல் பிரிவு இருக்கும். அங்கே 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்டு' என்று இரண்டு நிலை. என்ஹான்ஸ்டு முழுக் கம்ப்யூட்டரையும் தேடும். கேட்க நன்றாக இருந்தாலும், சின்னத் தேடலுக்கு அது கூட்டத்தை அதிகப்படுத்தும். கிளாசிக்கில் வைத்துக்கொண்டு, தேவையான ஃபோல்டர்களை மட்டும் சேர்ப்பது நல்லது. என்ஹான்ஸ்டுதான் வேண்டும் என்பவர்கள், புராஜெக்ட் குப்பைகள் இருக்கும் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் போட்டுவிடலாம். ஃபைல் பெயர் ஓரளவு ஞாபகம் இருக்கிறது என்றால் 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருள் போதும். அது டிஸ்க்கின் ஃபைல் பட்டியலையே நேரடியாகப் படிப்பதால், பெயரின் நடுவில் இருக்கும் எழுத்தைக்கூட உடனே பிடிக்கும். இணையப் பரிந்துரை எதுவும் அதில் கிடையாது. ரிசல்ட்டைத் 'தேதி மாற்றப்பட்டது' என்ற பத்தியில் ஒரு க்ளிக் செய்து, புதியது மேலே வருகிற மாதிரி வைத்துவிடுங்கள். 2003-ல் அந்த 234 பேரில் பெரும்பாலோர் நாடியதும் அந்த வரிசையைத்தான்.